கண்ணாடி கழற்றிய நிழல்

எனக்கு வேலை போன நாளை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் என் அம்மாவே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். பரவாயில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்களும் அப்படியே பார்க்கலாம்.

என் பெயர் ரெக்ஸன். ஊர் தூத்துக்குடி. ஒன்பது வருடம் ‘ஏழு வாசல்’ ஆடிச் சாப்பிட்டவன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது கணினியில் இருவர் மோதும் ஆட்டம். ஆளுக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு ஏழு வாசல், உள்ளே வாளும் கேடயமுமாக உங்களுக்கென்று ஓர் உருவம். எதிராளியின் ஏழு வாசலையும் முதலில் பிடிப்பவருக்கு வெற்றி. கண்ணில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கே உருவம் திரும்பும். அடியும் தடுப்பும் விரல்களின் வேலை. மாநில லீகில் பன்னிரண்டு அணிகள், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அரங்கம் நிறைந்த கூட்டம். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று ஆரம்பத்தில் கேட்ட என் சித்தப்பா, பிற்பாடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்.

இந்தத் தொழிலில் இருபத்தொன்பது என்பது கிழவயது. எனக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது.

வயதைவிடப் பெரிய தொந்தரவு நிழல். அணியில் சேரும்போது போடும் கையெழுத்திலேயே நிழலும் சேர்ந்துவிடும். நாம் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும், பயிற்சியின் ஒவ்வொரு நிமிடமும் பதிவாகும். அந்தப் பதிவுகளைத் தின்று தின்று நம்மைப் போலவே ஆடும் ஒன்று வளரும். காய்ச்சலோ கல்யாணமோ வந்து நாம் ஆட முடியாத நாளில் நமக்குப் பதில் அது ஆடும். முதலில் அவ்வளவுதான் ஏற்பாடு. பிறகு அணிகள் யோசிக்க ஆரம்பித்தன. நிழலுக்குத் தூக்கம் வேண்டாம், தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது, அதற்கு வயதும் ஏறாது. அப்படி யோசித்ததில் வந்ததுதான் இருக்கைத் தேர்வு. ஐந்து வருடத்துக்கு மேல் ஆடியவர்களும் அவர்களுடைய நிழலும் ஒரே எதிராளியோடு தனித்தனியாக ஆட வேண்டும். யார் நன்றாக ஆடுகிறாரோ அணியில் இருக்கை அவருக்கு. போன வருடம் மட்டும் பதினோரு பேரை அவரவர் நிழலே வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

நிழலைப் பராமரிப்பவர் பிரமிளா. மதுரைக்காரர், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அவரிடம் கேட்டேன், நான் செய்வதையெல்லாம் செய்கிறதே, தான் என்ன செய்கிறோம் என்று அதற்குத் தெரியுமா என்று.

“அதுக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்றார். “நீங்க எப்ப என்ன செஞ்சீங்களோ, அப்ப அதைச் செய்யும். ஏன் செஞ்சீங்கன்னு நாங்க அதுக்குச் சொல்லிக் குடுக்குறதில்ல. எங்களுக்கே தெரியாதே.”

அப்போது அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏன் என்று தெரியாத ஒன்றிடம் நான் தோற்க மாட்டேன் என்று நினைத்தேன்.

தேர்வு மதுரையில், லீக் அலுவலகத்தில். எதிராளியாக லீக் நியமித்தது நிலோஃபரை. காயல்பட்டினத்துப் பெண், கோவை அணிக்கு ஆடுபவள், என்னைவிட மூன்று வயது இளையவள். ஏழு வருடமாக ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருக்கிறோம், ஆட்டத்துக்குள்ளே. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு ஆட்டத்திலும் முழு பலத்தோடு ஆட வேண்டும் என்பது அவளுக்கான விதி. எந்த ஆட்டத்தில் ஆள், எந்த ஆட்டத்தில் நிழல் என்று அவளிடம் சொல்ல மாட்டார்கள். எதிராளியின் முகத்தைக் காட்டும் சின்னத் திரையையும் அன்றைக்கு மூடிவைத்திருந்தார்கள்.

எனக்கான விதி ஒரு தாள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் ஆட்டக்காரர்கள் நிரப்ப வேண்டியது. அதில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பொருள் உண்டு: எதிராளியின் கருவி பழுதாகி நின்றதை அறிந்தும் தாக்கினீர்களா?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் உருவம் கை கட்டிக்கொண்டு நிற்கும். அது ஓய்வு நிலை. ஆனால் சில சமயம் கண்ணாடி முகத்தில் இருக்கும்போதே ஆட்டக்காரரின் விழியைத் தொலைத்துவிடும். அப்போது உருவம் எடுத்த காலை வைக்காமல் அப்படியே உறைந்து நிற்கும். ஐந்து நொடி, பத்து நொடி. இந்தக் கோளாறை சர்வரால் கண்டுபிடிக்க முடியாது. வேண்டுமென்றே அசையாமல் நின்று ஏமாற்றும் தந்திரமும் ஆட்டத்தில் உண்டு. நடுவருக்கும் வித்தியாசம் தெரியாது. வருடக்கணக்கில் எதிரே நின்று ஆடியவனுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் லீக் அந்தக் கேள்வியை ஆட்டக்காரரிடமே கேட்கிறது. பதிலையும் அப்படியே நம்புகிறது. ஆம் என்றால் அந்த ஆட்டம் தோல்வி. இருக்கைத் தேர்வில் ஆம் என்றால் இருக்கையே போய்விடும்.

நல்ல ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்றால், எதிராளி உறைந்தது தெரிந்த உடனே தங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். இரண்டு உருவங்களும் நிற்கும். எதிராளி மீண்டதும் மாட்டிக்கொள்வார்கள். விதிப் புத்தகத்தில் இது இல்லை. இதை லீகில் தொடங்கிவைத்தவன் நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்காக ஒரு விருதும் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் ஆட்டம் என்னுடையது. பதினாலாவது நிமிடத்தில் நான் ஐந்து வாசல் பிடித்திருந்தேன், அவளும் ஐந்து. ஆறாவது வாசலில் நேருக்கு நேர் வந்தோம். அவளுடைய உருவம் கேடயத்தைத் தூக்கிக்கொண்டே இடது காலை எடுத்தது. கால் கீழே வரவில்லை.

எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அது தந்திரம் இல்லை, கோளாறு. தெரிந்தே இருந்தது. கை கண்ணாடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தூத்துக்குடிக்குத் திரும்பி அம்மாவிடம் என்ன சொல்வது, முப்பது வயதில் எந்தக் கடையில் போய் வேலை கேட்பது என்பதெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் வந்து நின்றது. அடித்தேன். அவள் மீண்டு வருவதற்குள் இரண்டு வாசலையும் பிடித்து ஆட்டத்தை முடித்தேன்.

வெளியே வந்தபோது ஜெபசிங் அண்ணாச்சி என் முதுகில் தட்டினார். அவர் எங்கள் அணியின் மேனேஜர். நிர்வாகத்துக்கு நிழல்தான் வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அண்ணாச்சிக்கு நான் வேண்டும். ஒன்பது வருடம் என்னோடு பஸ்ஸில் வந்து, என்னோடு பரோட்டா தின்றவர். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தை நாங்கள் மூன்று பேரும் பார்வை அறையில் உட்கார்ந்து பார்த்தோம், நான், அண்ணாச்சி, பிரமிளா. என் நிழல் ஆடுவதை முழுதாகப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழகாக ஆடியது. நான் இருபத்தைந்து வயதில் அப்படித்தான் ஆடினேன். பதினேழாவது நிமிடத்தில் ஆறு வாசல் அதன் கையில். நிலோஃபரிடம் நாலு. இன்னும் ஒரே வாசல், பத்தடி தூரம், ஒரு வீச்சு.

நிலோஃபரின் உருவம் வாளை ஓங்கியபடி உறைந்தது. அதே கண்ணாடி, அதே கோளாறு.

என் நிழல் வாளைத் தாழ்த்தியது. கை கட்டிக்கொண்டு நின்றது.

பிரமிளா நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு அருகில் போனார். பதினோரு நொடி அது நின்றது. நிலோஃபர் மீண்டு வந்து, மூச்சு விடாமல் ஆடி, அந்த ஆட்டத்தை ஒரு வாசல் வித்தியாசத்தில் வென்றாள்.

“ஓய்வு நிலைக்கு ஏன் போச்சு?” என்று பிரமிளா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். “கண்ணாடியக் கழட்டுனாத்தான் அது வரும். இதுக்குக் கழட்ட ஏது கண்ணாடி?”

ஏதோ ஓட்டை விழுந்திருக்கிறது, பதிவுகளைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவில்லை. நான் ஜெயித்தேன், நிழல் தோற்றது, இருக்கை எனக்கு, அவருக்கு அது போதும். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுடா என்றார். என் ஆட்டத்தின் தாளை நிரப்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

நடைவழியில் நிலோஃபர் எதிரே வந்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, கையில் தன் பழுதான கண்ணாடியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“ரெண்டாவது ஆட்டத்துல நின்னீங்களே காக்கா, நன்றி” என்றாள். “இருக்கைக்கு ஆடுற ஆட்டம். நீங்க நிக்கலன்னாலும் ஒங்கள யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் போய்விட்டாள்.

நின்றது நான் என்றும், அடித்தது நிழல் என்றும் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? இதுவரை நாற்பத்தொரு தடவை நான் எதிராளிகளுக்காகக் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறேன். எண்ணிக்கை எனக்குத் தெரியும், விருது கொடுத்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நிழலும் அவற்றைத்தான் படித்திருக்கிறது. எதிராளி உறைந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இருக்கை போகும், அம்மா கேட்பாள், கடைவாசலில் நிற்க வேண்டிவரும், இதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த நடைவழியில் நின்றபோது எனக்கு அதன்மேல் பொறாமை வந்தது. பிறகு வெட்கம் வந்தது. அதன் பின்னால்தான் இன்னொன்று வந்தது, அதை நன்றி என்றுதான் சொல்ல வேண்டும். என்னால் ஒருநாள் செய்ய முடியாமல் போனதை என்னிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு யாரோ எனக்காகச் செய்திருக்கிறார்கள்.

நடுவரின் மேசைக்குப் போய்த் தாளை வாங்கினேன். அந்தக் கேள்விக்கு நேராக ‘ஆம்’ என்று எழுதினேன். நடுவர் வயதானவர், சபாபதி என்று பெயர். தாளைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். தவறி எழுதிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பத்தொன்பது வருடமாக இந்தத் தாள்களை வாங்குகிறேன், இந்த இடத்தில் ‘ஆம்’ என்று நான் பார்த்ததில்லை என்றார். எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். பிறகு, விதிப்படி, என் இருக்கையை ரத்து செய்து நிழலுக்குக் கொடுத்தார்.

அண்ணாச்சி என்னைத் திட்டினார். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு வாசலில் போய்த் தனியாக நின்றார். சாயங்காலம் நிர்வாகத்தோடு போனில் பேசிவிட்டு ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். நிழலின் பழக்கம் எதையும் மாற்ற அதன் ஆட்டக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. எப்போதோ யாரோ சண்டை போட்டுச் சேர்த்த வரி. அவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

“அது ஒரு ஓட்டை தம்பி, அடைச்சிருவோம்” என்றார் அண்ணாச்சி. “ஜெயிக்கப் போற ஆட்டத்துல கை கட்டிக்கிட்டு நிக்குற ஒண்ண வச்சு நாங்க என்ன செய்ய? ஒரு கையெழுத்துதான கேக்கேன். நீ போட்டேன்னா பயிற்சியாளரா ஒன்னயே வச்சுக்கிடுதோம்னு சொல்லுதாவ.”

வேலை திரும்பக் கைக்கு வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கை துறுதுறுத்தது.

“அண்ணாச்சி, இன்னைக்கு எங்க ரெண்டு பேர்ல ஒழுங்கா ஆடுனது அது ஒண்ணுதான்” என்றேன். “அதப் போயித் திருத்தச் சொல்லுதியளே.”

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சாப்பிட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். வா என்று தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் வாங்கிக்கொடுத்த சாப்பாட்டுக்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை.

மறுநாள் காலை மாட்டுத்தாவணியில் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். உள்ளே நிலோஃபர் உட்கார்ந்திருந்தாள், ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். நடுவழிக்கு இந்தப் பக்க இருக்கையில் நான் உட்கார்ந்தேன். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. இனிமேல் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாள். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுபவர்களுக்கும் இப்போது இதே மாதிரிக் கண்ணாடிதானாம், கேட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். நல்ல யோசனை என்றாள். கையில் இருந்த பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். அருப்புக்கோட்டை வரை அதைத் தின்றுகொண்டே வந்தோம்.

மனதில் இருந்ததை இறக்கிவைத்துவிடலாம் என்று தோன்றியது. இதைவிடக் கெட்டுப்போக என்ன இருக்கிறது? ஆறு வருடத்துக்கு முன்னால் சேலம் ஆட்டத்தில் நான் உனக்காகக் கண்ணாடி கழற்றி நின்றேன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது நிஜமில்லை என்றேன். அந்த ஆட்டத்தில் எனக்குத் தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் கண்ணாடி கழன்று மேசைக்கு அடியில் விழுந்துவிட்டது. நான் அதைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவள் உறைந்திருக்கிறாள். நான் எடுத்து மாட்டியபோது அரங்கமே எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. எதற்கென்று புரியாமல் நானும் கையை ஆட்டினேன். ஆட்டம் முடிந்ததும் அவள் நேரே வந்து நன்றி சொன்னாள். அதற்குப் பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை ஒருவர் உறைந்தபோது அடிக்க முடியாமல் போய்விட்டது. அப்படி ஆரம்பித்ததுதான் எல்லாம்.

நிலோஃபர் மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டே கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“தெரியும் காக்கா” என்றாள். “எனக்குக் கண்ணாடிதான் வேலை செய்யல, கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. சின்னத் திரையில நீங்க மேசைக்கு அடியில குனிஞ்சது தெரிஞ்சுதே.”

“தெரிஞ்சும் ஏன் நன்றி சொன்ன?”

“சொன்னா அடுத்த தடவ நிப்பீங்கன்னுதான்.”

பஸ் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு தடவை. அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்ற ஆரம்பித்த தடவைகளை யாரும் எண்ணவில்லை. எனக்குத் தெரியாமலே ஒருத்தி என்னை ஆறு வருடம் நல்லவனாக வைத்திருந்திருக்கிறாள்.

பிறகுதான் எனக்கு அடுத்தது உறைத்தது.

“அப்ப நேத்து? நடைவழியில வந்து சொன்னது?”

அவள் வெளியே கரிசல் காட்டைப் பார்த்தாள்.

“முத ஆட்டத்துல அப்படி அவசரப்பட்டு அடிச்சது ஆளுதான்னு அப்பவே தெரிஞ்சுட்டு” என்றாள். “நிழலுக்கு என்ன அவசரம்? அதுக்கு வேல போயிரும்னு பயமா இருக்கு?”

“பின்ன ஏன்…”

“நேத்தும் அதுக்குத்தான் காக்கா.”

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். இத்தனை வருடமும் நன்றி சொன்னது அவள்தான். அன்றைக்கு நான் சொன்னேன்.